ஒரு வீட்டைக் கழற்றிய கதை: யாழ்ப்பாணத்து உடுவிலில் பழைய கைமரமும் கதவும் மறுபடி வீட்டுக்குள் வந்த விதம்

பெரியம்மா வீட்டு முகப்பில் சுண்ணாம்புச் சாந்தால் 1936 என்று புடைப்பாக எழுதியிருந்தது. அதை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளி பின்னேரம் போய்ப் பார்த்தால் முகப்பே இல்லை. காலை எட்டு மணிக்கு ஜேசிபி வந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் விறாந்தை, ஹோல், இரண்டு அறை எல்லாம் ஒரே கும்பியாகிவிட்டன. அந்தக் கும்பிக்கு மேல் ஒரு யன்னல் கதவு மட்டும் உடையாமல், கொண்டி போட்டபடி கிடந்தது.

பின்பக்கம் இன்னும் நின்றது. குசினி, சாமியறை, முற்றத்தை ஒட்டிய மால். அதைக் கையால் கழற்றலாம் என்று தம்பியிடம் கேட்டேன். புது வீடு கட்டுகிறவன் அவன்தான்.

"அக்கா, கொந்தராத்துக்காரர் அடுத்த கிழமை அத்திவாரம் வெட்ட வாறார். ஐஞ்சு நாள் தாறன். அதுக்குள்ள எடுக்கிறதை எடுங்கோ."

அந்த ஐந்து நாளால் எனக்கு ஒரு நல்ல ஒப்பீடு கிடைத்தது. ஒரே வீடு, ஒரே வயது, ஒரே மரம். முன்பாதி இயந்திரத்தால் இடிந்தது, பின்பாதியை நான்கு பேர் கையால் கழற்றினோம். பழைய கட்டடப் பொருளில் வீட்டு அலங்காரம் செய்வது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்டறையில் இருந்து கதையைத் தொடங்குகிறார்கள்: எப்படித் தேய்ப்பது, எந்த எண்ணெய் பூசுவது என்று. என் அனுபவத்தில் அது பிந்திய தொடக்கம். ஒரு மரம் உட்காருகிற வாங்காகுமா விறகாகுமா என்பது அது கூரையில் இருந்து இறங்குகிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

வீடும் அதன் பொருளும்

முழு நாற்சார் வீடு அல்ல. முற்றத்தின் மூன்று பக்கம் கட்டடம், நான்காம் பக்கம் மதில். சுவர் சுண்ணாம்புக்கல், சாந்தும் சுண்ணாம்பு. கூரைக்குச் சாய்வாகப் போட்ட பனங்கைமரம், அதன் மேல் குறுக்காக அடித்த மெல்லிய பனஞ்சிலாகை, அதன் மேல் ஓடு. நிலைகள் வேம்பும் முதிரையும், கதவுப் பலகைகள் தேக்கு. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பர்மாவுக்குப் போய்வந்த காலத்துத் தேக்கு என்று பெரியம்மா சொல்வா. பனைக்குத் தூரம் போக வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறி வெளியூர் போயிருக்கிறது.

ஓடுகளைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ சபையின் முத்திரை. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய அதே மிஷன்தான். சில ஓடுகளில் முத்திரைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு தொழிலாளியின் விரல் பதிந்து, அப்படியே சூளையில் வெந்திருக்கிறது. பெருவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். என் விரலைவிடச் சின்ன விரல்.

1995 ஒக்டோபர் 30இல் போருக்குத் தப்பி, இந்த ஊர் இருக்கும் வலிகாமமே வெளிக்கிட்டபோது இந்த வீட்டாரும் பூட்டைப் போட்டுவிட்டுக் கொடிகாமம் பக்கம் போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது முன்பக்கக் கூரையில் ஓட்டை, மாலின் தீராந்தியில், அதாவது பெரிய உத்திரத்தில், செல் (எறிகணை) துண்டுகள், ஆனால் கதவுகள் எல்லாம் இருந்தன. அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

ஐந்து நாள்

வேலையை நடத்தியது ஓடாவியார், எங்கள் தச்சர். அறுபதைத் தாண்டியவர். வந்ததும் அலவாங்கை எடுக்கவில்லை. முற்றத்தில் நின்று கூரையை அரை மணித்தியாலம் பார்த்தார். பிறகு, "கட்டினவன் கடைசியாச் செய்ததை நாங்கள் முதல் எடுக்க வேணும், பிள்ளை" என்றார். முழு முறையும் அவ்வளவுதான்.

முதலில் ஓடு. மேலே ஒருவர், ஏணியில் ஒருவர், கீழே ஒருவர். கைமாறிக் கைமாறி இறக்கினோம். சறுக்கிவிட்டால் வேகமாக இறங்கும், ஆனால் நாலுக்கு ஒன்று மூலை உடையும். இறக்கிய ஓட்டைப் படுக்கையாக அடுக்கக்கூடாது, அடியில் இருப்பது பாரத்தில் வெடித்துவிடும். மதிலோடு சாய்த்து நிறுத்தி அடுக்கினோம்.

அடுத்தது சிலாகை. இங்கேதான் பொறுமை வேண்டும். பழைய ஆணி துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிப் போயிருக்கும். நேரே பிடுங்கினால் ஆணியோடு மரமும் கிழிந்து வரும். ஓடாவியார் ஒவ்வொரு ஆணியையும் முதலில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே இறக்கினார். துருவின் பிடி அதில் விடுகிறது. அதன் பிறகு சுத்தியலின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்து மெல்ல நெம்பினால் ஆணி முழுசாக வரும். வராதவற்றை இரும்பு அறுக்கும் வாளால் நடுவில் அறுத்தோம்.

கைமரங்களுக்கு இலக்கம் போட்டோம். முதல் நாள் சோக்கட்டியால் எழுதினேன். அன்றிரவு தூறிய மழையில் பாதி அழிந்துவிட்டது. அடுத்த நாள் பால்மா ரின்னை வெட்டித் தகடாக்கி, ஆணியால் இலக்கம் குத்தி, கம்பியால் கட்டினேன். கு என்றால் குசினி, மா என்றால் மால், சா என்றால் சாமியறை. எந்த மரம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் மேலே பார்த்தது என்று கொப்பியிலும் எழுதினேன். அது பிறகு எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நிலைகளை எடுப்பது தனி வேலை. நிலையின் கொம்புகள் சுவருக்குள் புதைந்திருக்கும். இழுத்தால் மூட்டு விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்து என்பதால் நல்லதாகப் போயிற்று: நிலையைச் சுற்றியுள்ள கற்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க முடிந்தது. சீமெந்தில் கட்டிய சுவர் என்றால் கல்லும் உடையும், நிலையும் உடையும். தூக்குவதற்கு முன் நிலையின் அடியில் குறுக்காக ஒரு சட்டமும், மூலையில் இருந்து மூலைக்கு ஒரு சட்டமும் அடித்தோம். அவை இல்லாமல் தூக்கினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். உள்ளே ஓர் ஆணிகூட இல்லை, கழுந்தும் துளையும் மரமுளையும் மட்டும்தான். முளையின் சிறுத்த பக்கத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தட்டினார். 1936க்குப் பிறகு முதல் தடவையாக அந்த முளை வெளியே வந்தது. மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். வேம்பின் கசப்பு மணம் அப்படியே இருந்தது.

கொப்பியில் இருக்கும் கணக்கு இது. முன்பாதியில் இருந்த 38 கைமரத்தில் உருப்படியாகக் கிடைத்தது 7. பின்பாதியின் 46இல் 41. போன ஐந்தும் சுவருக்குள் இருந்த முனை கறையான் தின்றவை. முன்பாதி ஓட்டில் முழுசாகப் பொறுக்கியது அறுபது வரும். பின்பாதியில் 1,140 இறக்கி, 930 முழுசு. முன்பக்கத்து ஐந்து யன்னலில் ஒரு நிலையும், கும்பி மேல் கிடந்த அந்தக் கதவும். பின்பக்கத்து நான்கு யன்னலும் மூன்று கதவு நிலையும் பழுதில்லாமல் வந்தன.

இன்னொன்றும் தெரியவந்தது. நல்ல மரம் எல்லாம் குசினிக்கு மேலே இருந்தது. அறுபது, எழுபது வருட விறகுப் புகை குடித்த கைமரங்களில் உளுத்த துளை ஒன்றுகூட இல்லை. மேலே படிந்த கரியைச் சுரண்டினால் உள்ளே தேன் நிறத்தில் கறுப்பு வரி. சாமியறைக் கைமரங்களில் துளைகள் இருந்தன.

செல் துண்டு

மாலின் தீராந்தி பாலை மரம். பதினான்கு அடி. இரண்டாகப் பிளந்தால் சாப்பாட்டு மேசைக்கு மேற்பலகை வரும் என்று கணக்குப் போட்டேன். மரம் அரியும் ஆலையில் கொண்டுபோய் இறக்கியதும் அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஊர் மரம்? செல் விழுந்த வளவோ?"

வடக்கில் அரிவு வாள் வைத்திருக்கிற எவருக்கும் இந்தப் பயம் உண்டு. மரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு வாளின் பற்களைச் சிதறடித்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. ஓடாவியார் பழைய ஸ்பீக்கர் ஒன்றில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தீராந்தியின் மேலே மெல்ல நகர்த்தினார். நூல் சட்டென்று இழுபட்ட இடங்களில் நான் அடையாளம் போட்டேன். ஆறு இடம். ஒவ்வொன்றையும் உளியால் தோண்டி எடுத்தோம். நகத்தளவு ஒன்று, பல் அளவு ஒன்று, ஒன்று மட்டும் சுண்டுவிரல் நீளம், முனை சுருண்டது. எடுத்த இடத்தைச் சுற்றி மரம் மை ஊற்றியது போலக் கறுத்திருந்தது. மரத்தில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும்.

காந்தம் ஆழத்தில் இருப்பதைக் காட்டாது. ஏழாவது துண்டு வாளில் பட்டது. யாருக்கும் காயமில்லை, ஆனால் வாளுக்கான காசை நாங்கள்தான் கொடுத்தோம். அது நியாயம்தான். இப்போது நான் காந்தத்தை மட்டும் நம்புவதில்லை. மேற்பரப்பை ஒரு தரம் சீவி, கறுப்புப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் மெல்லிய துளை போட்டுப் பார்க்கிறோம். நேரம் போகும், போகட்டும். அதோடு இன்னொன்று: பழைய சுவருக்குள், கிணற்றுக்குள், பங்கர் மூடிய இடத்தில் உலோகப் பொருள் ஏதாவது அகப்பட்டால் கையால் தொடாதீர்கள். அப்படியே விட்டு விலகி, பொலிசுக்குச் சொல்லுங்கள். இங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை இருபது வருடத்துக்கு மேலாகியும் முடிந்துவிடவில்லை.

நான் அந்தச் சுண்டுவிரல் துண்டை மேசையிலேயே விடலாம் என்று நினைத்தேன். கறுத்த வட்டத்தின் நடுவில் தெளிந்த பசையை ஊற்றி, கண்ணாடி போல மினுக்கி. பார்க்கிறவர்கள் கேட்பார்கள், நாங்கள் சொல்லலாம், ஒரு சாட்சி போல இருக்கும் என்று. பெரியம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தா. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"சோறு வைக்கிற இடத்தில உது வேண்டாம், பிள்ளை."

எடுத்தோம். அந்த ஏழு துளையையும் அதே தீராந்தியின் துண்டில் கடைந்த முளைகளால் அடைத்தோம். கறுத்த வட்டங்கள் இருக்கின்றன, தேடினால் தெரியும். போர்த் தழும்பை அழகுப் பொருளாக்குவது பற்றி எனக்கு இருந்த ஆசை அன்றோடு போய்விட்டது. அதை வைப்பதா எடுப்பதா என்பதை அந்தக் கூரைக்குக் கீழே படுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என்ன செய்தோம், எங்கே பிழை விட்டோம்

முதலில் மருந்து. உளுத்த துளை இருந்த மரங்களைத் தனியே பிரித்தோம். வெங்காரம் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு, இரண்டையும் சுடுதண்ணீரில் கரைத்து, இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்று தரம் பூசினோம். இது வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குத்தான் சரி. மழை பட்டால் கழுவுப்பட்டுப் போய்விடும். காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறி நெருப்புப் பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

பனங்கைமரம் பழகாதவர்களுக்குச் சிரமமான மரம். வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே போகப் போகச் சோறு. ஆணி அடித்தால் நீளத்துக்குப் பிளக்கும். முதலில் துளை போட்டு, போல்ட் போட வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் சிராம்பு ஏறும், பனஞ்சிராம்பு உள்ளே போனால் சீழ் வைக்காமல் வெளியே வராது. சீவுளியைவிடக் கண்ணாடித் துண்டால் சுரண்டுவது நல்லது என்று ஓடாவியார் காட்டினார். அப்படிச் சுரண்டியபோது வந்த மினுமினுப்பு எந்த வார்னிஷிலும் வராது.

கைமரம் மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு வாங்கு. அப்படி இரண்டு. நீளத்தை வெட்டவில்லை. புது வீட்டு விறாந்தை அந்த வாங்குக்கு ஏற்றபடி ஓர் அடி கூடியது. தம்பி முணுமுணுத்தான், பிறகு சம்மதித்தான். ஹோலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் பதினொரு கைமரத்தை நிறுத்தி ஒரு தட்டி. சுவர் கட்டாமலே இடம் பிரிந்தது, காற்றும் தடைப்படவில்லை. அந்தப் பதினொன்றில் வெட்டிய முனைகள் புத்தகத் தட்டுக்குத் தாங்கிகளாயின. தட்டுக்கு ஐந்து, கண்ணாடிச் சட்டத்துக்கு இரண்டு. 19 கைமரத்தை ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில் பழைய வீடு திருத்துகிற ஒருவர் கூரைக்கே வாங்கினார்.

கூரைக்குக் கூரை மரமாகவே போவதைப் போல நல்ல முடிவு வேறில்லை. ஒரு பொருளின் புது வேலை அதன் பழைய வேலைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவுக்கு அது நன்றாக அமர்கிறது. கொழும்பில் 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தன் வீட்டுக்குக் கொண்டுவந்த செட்டிநாட்டுத் தூண்கள் அங்கே தூண்களாகவே நிற்கின்றன. விளக்குத்தண்டாக்கிக் கடைந்திருந்தால் யார் அவற்றைப் பற்றிப் பேசப் போகிறார்கள்?

நான் பிழை விட்டது தேக்குக் கதவில். சாமியறைக் கதவைப் படுக்க வைத்து எழுத்து மேசையாக்கினேன். பலகைகள் சட்டத்துக்குள் கொஞ்சம் ஆடின. ஆடக்கூடாது என்று நினைத்து, பலகை நுழைகிற பள்ளமான காடிக்குள் பசை விட்டு இறுக்கினேன். அப்போது மார்கழி, மழைக்காலம். சோளகக் காற்று தொடங்கி வெயில் காய்ச்சியதும் ஓர் இரவில் டப் என்று ஒரு சத்தம். காலையில் நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. மரம் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும் என்றுதான் பழைய தச்சர் காடியில் பசை விடாமல் விட்டிருக்கிறார். எண்பது வருடம் பிளக்காத பலகையை நான் ஆறு மாதத்தில் பிளந்தேன். இப்போது பசையைச் சுரண்டி எடுத்து, பலகையை மறுபடி ஆடவிட்டு, மேலே நான்கு மூலையிலும் ரப்பர் வில்லை வைத்துக் கண்ணாடி போட்டிருக்கிறோம். பிளவு அப்படியே இருக்கிறது.

ஓட்டில் பன்னிரண்டை எடுத்து மதில் விளக்குகள் செய்தோம். ஓட்டை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, ட்ரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு, மெதுவாகத் துளை போட வேண்டும். அவசரப்பட்டு மூன்று ஓட்டை உடைத்தேன். விரல் பதிந்த ஓடு ஒன்றும் பாசல் முத்திரை ஒன்றும் வாசலுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற உயரத்தில் இருக்கின்றன. வருகிற பிள்ளைகள் எல்லாம் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். மிச்ச ஓட்டில் பெரும்பகுதி புது வீட்டுக் கார் கொட்டகைக்கு ஏறிவிட்டது. சுவர்க்கற்களில் கிணற்றடிப் பாதை. கொண்டி, பிணைச்சல், யன்னல் கம்பி எல்லாம் துரு போக்கித் தேங்காயெண்ணெய் பூசி, சட்டை கொழுவ ஒன்று, திரை தொங்க ஒன்று என்று அங்கங்கே போயிற்று. மினுக்கிய சிவப்புச் சீமெந்து நிலத்தை எடுக்கவே முடியாது. முயன்று பார்த்தேன், பாளம் பாளமாக உடைந்தது.

தொடாமல் விட்டவை

யன்னல் கதவுகளில் பச்சைப் பெயின்ற் நாலைந்து படை இருந்தது. உரிந்து கிடக்கிற பழைய பெயின்ற் பார்க்க அழகு, படம் எடுத்தால் இன்னும் அழகு. அதிலேதான் நஞ்சு. பழைய எனாமல் பெயின்றுகளில் ஈயம் உண்டு. இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அந்த வீட்டில் தவழ்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. எனவே உலர்த்தித் தேய்க்கவில்லை, நெருப்புக் காட்டியும் உரிக்கவில்லை. தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி, மரத்தை இரண்டு தரம் கழுவினோம். முழுவதும் போகாத இரண்டு கதவுகளுக்கு மேலே புதுப்படை பூசி, பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் கொழுவினோம்.

குசினிக்குப் பின்னால் 80களில் இறக்கிய சாய்ப்புக்கு அஸ்பெஸ்டஸ் தகடு. வெட்டிப் பூச்சாடி செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். வெட்டவோ துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். நீல அஸ்பெஸ்டஸை இந்த நாடு 1987இலேயே தடைசெய்துவிட்டது, வெள்ளையும் தூசானால் நல்லதல்ல. நனைத்து, உடைக்காமல், முழுத் தகடாக இறக்கி ஒதுக்கினோம்.

பக்கத்து வளவுக்காரர் இரண்டு ரயில் சிலிப்பர் கட்டை தந்தார். 1990இல் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பரும் ஊர் ஊராகப் பங்கருக்குப் போயின. 2014இல் ரயில் புதுத் தண்டவாளத்தில் திரும்பி வந்தது, பங்கர்க் கட்டைகள் வளவுகளிலேயே தங்கிவிட்டன. வெயில் பட்டால் தார் எண்ணெய் மணக்கிற கட்டைகள் அவை. வீட்டுக்குள் கொண்டுவராமல் படலையடியில் படியாகப் போட்டோம்.

யாருடைய கதவு?

புது வீட்டுத் தலைவாசலுக்குப் பழைய கதவு ஒரு சோடி வேண்டியிருந்தது. முன்வாசல் கதவு ஜேசிபியில் போய்விட்டது. பழைய கதவு, நிலை விற்கிற இடமொன்றுக்குப் போனோம். உள்ளே சாய்த்து வைத்திருந்தவற்றில் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மேலே கஜலட்சுமி, பக்கங்களில் கொடி, குமிழ் ஆணிகள். வேலை தெரிந்த கை.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "உதெல்லாம் பழசு, கைமாறிக் கைமாறி வந்தது. எங்கையிருந்து வந்தால் என்ன தங்கச்சி?"

1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பிய சனம் இராணுவத்திடம் இருந்து காணி விடுபட்டு இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பல வீடுகளில் சுவர் மட்டும் நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலைகூட இல்லை. அந்தக் கதவுகள் காற்றில் கரைந்துவிடவில்லை. எங்கேயோ இருக்கின்றன. யாரோ ஒருவரின் தாய் ஒவ்வொரு வெள்ளியும் மஞ்சள் பூசிய கதவு அது. அதை நான் வாங்கி மினுக்கி இன்னொரு வாசலில் போட்டால், ஒருநாள் அவர் அந்த ஒழுங்கையால் வந்து பார்த்தால்?

அதற்காக எல்லாப் பழைய கதவையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. தம்பியைப் போல வீடு இடித்து நேர்மையாக விற்பவர்கள்தான் கூட. ஆனால் எங்கே, யாரிடம் வாங்கியது என்று சொல்லக்கூடிய பொருளை மட்டுமே நான் எடுப்பேன். அந்தக் கஜலட்சுமியை விட்டுவிட்டு வந்தோம். சுன்னாகத்துக்குக் கிட்ட வீடு இடிக்கிற ஒரு குடும்பத்திடம், அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்று, எளிய கதவு ஒரு சோடி வாங்கினோம். கழற்றவும் நாங்களே போனோம். வீட்டுக்காரர் சாவியையும் தந்தார். அந்தப் பூட்டு இப்போதும் திறக்கும்.

ரொறன்ரோவில் இருக்கும் பெரியண்ணாவுக்கு நிலை ஒன்று வேண்டுமென்று ஆசை. 1815 மார்ச் 2க்கு முந்தியதுதான் சட்டப்படி தொல்பொருள், இந்த வீடு அவ்வளவு பழசில்லை. ஆனாலும் கலாசாரச் சொத்துகளை ஏற்றுமதி செய்வது பற்றி 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. பழைய மரவேலையை நாட்டுக்கு வெளியே அனுப்புவதானால் முதலில் தொல்லியல் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். அண்ணா யோசித்துவிட்டு, நிலை ஊரிலேயே இருக்கட்டும் என்றார். கொப்பியில் இருந்த அளவுகளை வைத்து வீட்டின் வரைபடம் ஒன்று போட்டு அனுப்பினேன். அதுவும் சுவரில் மாட்டுகிற பொருள்தானே.

காசுக் கணக்கு

மலிவாக முடியும் என்று நினைத்து இதற்குள் வராதீர்கள். மரத்துக்குக் காசில்லை, ஆனால் செலவில் பாதிக்கு மேல் கூலி. கழற்றிய ஐந்து நாள் நான்கு பேர், பிறகு பட்டறையில் ஓடாவியாரும் ஓர் உதவியாளும் ஏறக்குறைய இரண்டு மாதம். 19 கைமரம் விற்ற காசு கழற்றிய கூலியில் ஒரு பகுதியை அடைத்தது. கடையில் ஒட்டுப்பலகை மேசை இதைவிடக் குறைந்த விலைக்கு வரும். பாலை மரத்தில் புது மேசை செய்யச் சொல்லி மரக்காலையில் கேட்டால் இதைவிடக் கூட வரும். எந்த மேசையோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு வீடு கிடைத்தால் நான் மாற்றிச் செய்வது ஒன்றுதான்: ஜேசிபி வருவதற்கு ஒரு மாதம் முன்பே போவேன். இந்த வீட்டின் முன்பாதிக்கும் நான்கு பேரும் ஆறேழு நாளும் போதுமாயிருந்திருக்கும். அந்த 31 கைமரம், பர்மாத் தேக்கு முன்கதவு, 1936 என்று எழுதிய சாந்து எல்லாம் ஒரு கிழமைக்குள் அடங்கிய விஷயம். இடிக்க நாள் வைத்திருக்கிற வீடு உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அதில் உங்களுக்கு ஒரு பங்கும் இல்லாவிட்டாலும், போய் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் ஐந்து நாள் தருவார்கள். யாரும் கேட்பதில்லை.

வாங்கு வந்த அன்று பெரியம்மா அதன் அடியில் நான் விட்டிருந்த தகட்டைக் குனிந்து வாசித்தா. கு 7. கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, கு 7 எங்கே இருந்தது என்று பார்த்தா. "அடுப்புக்கு நேர் மேல. கருவாடு கட்டித் தூக்கிறது இதிலதான்" என்றா. தகடுகளைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டா.

இன்னும் ஐந்து கைமரம் கொட்டகையில் சாய்ந்து நிற்கிறது. ஐந்தும் குசினிக்கு மேல் இருந்தவை. அலுமாரி செய்யலாமா என்று தம்பி கேட்டான். ஓடாவியார் வேண்டாம் என்றார். தை பிறந்ததும் படலைக்கு மேலே சின்னதாகச் சங்கடப்படலை, அதாவது கூரை போட்ட வாசல், ஒன்று போடப் போகிறோம். கைமரங்கள் கைமரங்களாகவே ஏறும், மேலே மிச்ச பாசல் மிஷன் ஓடு.